பெரியப்பாவோட மூவாயிரம் ரெகார்டு: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

மும்பை மாட்டுங்காவுல எங்க பெரியப்பா போன வருஷம் தவறிட்டார். கல்யாணம் பண்ணிக்கல, ரயில்வே சம்பளத்துல பெரும்பகுதி ரெகார்டுக்குத்தான் போச்சு. சுமார் 3,000 இருக்கும். பாதிக்கு மேல நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்தற கனமான பழைய 78 தட்டு, மீதி ரொம்ப நேரம் ஓடற பெரிய எல்பி, சின்ன ஈபி. ஒவ்வொரு கவர் மூலையிலயும் ஒரு நம்பர் சீட்டு ஒட்டி, அதுக்குன்னு ஒரு நீள நோட்டும் வச்சிருக்கார். பில்டிங் ரீடெவலப்மென்ட்டுக்குப் போகுது, மழைக்கு முன்னாடி வீட்டைக் காலி பண்ணணும். ஒரு வியாபாரி வந்து பார்த்துட்டு, எல்லாத்துக்கும் ஒரே ரேட், மொத்தமா எடுத்துக்கறேன், நாளைக்கே டெம்போ அனுப்பறேன்னு சொல்றார். சீட்டு இருந்தா விலை போகாது, கிழிச்சுடுங்கன்னும் சொன்னார். தம்பி குடுத்துடலாம்றான். எனக்கு அதைப் பிரிக்கறதே பாவமா தோணுது. ஆனா வச்சுக்க இடமும் இல்ல. பழைய ரெகார்டு வாங்கற நீங்கதான் சொல்லணும், என்ன பண்றது?

(பெயர் வேண்டாம்னு கேட்டிருக்காங்க.)

அன்புள்ள சகோதரிக்கு,

முதல்ல அந்த டெம்போவை வர வேண்டாம்னு சொல்லிடுங்க. சீட்டு ஒண்ணையும் கிழிக்காதீங்க. மத்ததைப் பொறுமையா பேசுவோம்.

பிரிச்சு விக்கறது பாவம் இல்லைம்மா. மொத்தமும் ஒரே கைக்குப் போகணும்னு காத்திருந்தா என்ன ஆகும்னு பாருங்க. அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல ரெகார்டு கடை வச்சிருந்த பால் மாஹினி பல லட்சம் தட்டு சேர்த்து வச்சிருந்தார், மொத்தமாத்தான் குடுப்பேன்னு வருஷக்கணக்கா ஆள் தேடினார், 2008ல ஈபேயில 30 லட்சம் டாலருக்கு மேல ஏலம் போச்சுன்னு நியூஸ் வந்துது, ஆனா பணம் வரவே இல்ல. கடைசியில 2013ல பிரேசில்ல பஸ் கம்பெனி நடத்தற ஜீரோ ஃப்ரெய்டாஸ் வாங்கினார். அப்படி ஒருத்தர் மாட்டுங்கா மாடிப்படி ஏறி வருவார்னு நம்பி நாம உக்கார முடியாது. உங்க பெரியப்பாவே இதெல்லாம் யாரோ பிரிச்சு வித்ததுலேர்ந்து ஒண்ணொண்ணா பொறுக்கினவர்தான் இல்லையா, அதுவும் யோசிங்க.

தப்பு எங்க நடக்குதுன்னா பட்டியல் போடாம பிரிக்கறதுல. இதை எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லுவேன். பழைய தமிழ் தட்டுகளுக்கு முழுசான லிஸ்ட் இன்னிக்கும் கிடையாது. நாடக மேடைப் பாடகர் கிட்டப்பா 1933லயே போயிட்டார், இன்னிக்கு நமக்குக் கிடைக்கற அவர் குரல் பெரும்பாலும் யாரோ வீட்டு அலமாரியில உடையாம தப்பிச்ச தட்டுலேர்ந்து வந்ததுதான். ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் ஸ்டூடியோ கட்டறதுக்கு முன்னாடி சரஸ்வதி ஸ்டோர்ஸ்னு ரெகார்டு வியாபாரம்தான் பண்ணிட்டிருந்தார், அந்த மாதிரி கம்பெனிகள் வெளியிட்டது என்னென்னன்னு சேர்த்தவங்களோட நோட்டுலேர்ந்தும் துண்டு துண்டா தெரிய வருது. அதனால அந்த நீள நோட்டுதான் உங்க வீட்டுல இருக்கறதுலயே ரொம்ப அரிய பொருள். தட்டு ஒண்ணு வித்துப் போனா அதே தட்டு இன்னொண்ணு எங்கயாவது இருக்கும், நோட்டு போனா போனதுதான்.

சீட்டு விஷயத்துக்கு வர்றேன். கவர் மேல எதாவது ஒட்டியிருந்தா விலை கொஞ்சம் குறையும், அது உண்மைதான். ஆனா கிழிச்சா கவரோட மேல் தாளும் சேர்ந்து உரிஞ்சு வரும், அது இன்னும் குறையும். அப்புறம் நோட்டுக்கும் தட்டுக்கும் இருக்கற தொடர்பே அத்துப் போயிடும்.

இப்ப வேலை. அலமாரியில ஒண்ணையும் எடுக்கறதுக்கு முன்னாடி அடுக்கு அடுக்கா போட்டோ எடுங்க, அடுக்கின வரிசையே ஒரு தகவல். அப்புறம் நோட்டு முழுக்க, பின்னட்டை வரைக்கும், பக்கம் பக்கமா போட்டோ. அப்புறம் 78ஐ தனியா, எல்பி ஈபியை தனியா பிரிங்க. 78 அரக்குல செஞ்சது, கீழ விழுந்தா அவ்வளவுதான். எதையும் படுக்க வச்சு அடுக்காதீங்க, செங்குத்தா நிக்கணும், ஆனா இறுக்கவும் கூடாது. பேப்பர்காரர்கிட்ட கிடைக்கற அட்டைப்பெட்டி 78 கனத்துக்குத் தாங்காது, அடி விட்டுடும், சின்னப் பெட்டியா பாருங்க.

ஒவ்வொரு தட்டுக்கும் நாலு விஷயம் எழுதினா போதும்: லேபிள்ல இருக்கற கம்பெனி பேர், கேட்டலாக் நம்பர் (கம்பெனி அந்தத் தட்டுக்குக் குடுத்த எண்), பாடினவர் பேர், அப்புறம் பாட்டு முடியற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவுல வழவழப்பா இருக்கற வளையத்துல பொறிச்சிருக்கற எழுத்தும் எண்ணும். அந்தப் பொறிப்பு ரொம்ப முக்கியம், எந்த ஒலிப்பதிவு, எத்தனாவது டேக் (எத்தனாவது தடவை பதிவு பண்ணினது)ங்கறதை அதை வச்சுத்தான் பிடிப்போம். கவரை நம்பாதீங்க, உள்ள வேற தட்டு இருக்கும். கட்டாயம் வெளிய எடுத்துப் பாருங்க, ஓரத்தையும் நடு லேபிளையும் மட்டும் தொட்டு.

நிலைமை பாக்கறது எப்படின்னா, டேபிள் லைட்டுக்குக் கீழ தட்டை சாய்ச்சுப் பிடிங்க. மேலாக்க இருக்கற மெல்லிசு கோடு பரவாயில்ல, நகம் தடுக்கினா ஆழமான கீறல், ஊசி அங்க குதிக்கும். அப்புறம் நடு ஓட்டையைச் சுத்தி லேபிளைப் பாருங்க, மினுமினுன்னு தலைமுடி மாதிரி கோடுகள் வளைஞ்சு வளைஞ்சு போகும், தட்டை மாட்டும்போது பிளேயரோட நடுக் கம்பி உரசின தடம். நிறைய இருந்தா நிறைய தடவை கேட்ட தட்டு. 78ல பள்ளங்கள் கருப்பு மினுக்கு போயி சாம்பல் நிறமா வெளிறியிருந்தா கிராமபோன் இரும்பு ஊசி தின்னுட்டுதுன்னு அர்த்தம், அதுல ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசின்னு மாத்தணும், எல்லாரும் மாத்த மாட்டாங்க.

துடைக்கறதுல ஒரே ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிட், சானிட்டைசர், ஆல்கஹால் கலந்த எதுவும் 78 மேல படவே கூடாது, அரக்கு கரைஞ்சுடும். பூஞ்சை இருக்கும், மும்பை மழைக்கு இல்லாம இருக்காது, உலர்ந்த மெத்து பிரஷ்ஷால தட்டி விடுங்க போதும். வெயில்ல காய வைக்கவே வைக்காதீங்க, எல்பி அப்பளமா வளைஞ்சு போயிடும்.

இப்ப விலை. பழசு எல்லாம் அரிது இல்ல. எம்.எஸ். அம்மாவோட 1963 சுப்ரபாதம் எல்பி உங்க பெரியப்பாகிட்டயும் இருக்கும், என்கிட்ட வர்ற ஒவ்வொரு வீட்டுலயும் இருக்கு, அவ்வளவு வித்த தட்டு, அதனால பெரிய விலை வராது. அதை விக்காம நீங்களே வச்சுக்கங்கன்னு சொல்லுவேன். ஆனா எண்பதுகளோட கடைசி, தொண்ணூறோட ஆரம்பத்துல வந்த தமிழ் எல்பியைத் தனியா எடுத்து வைங்க. அப்ப எல்லாரும் கேசட்டுக்குப் போயிட்டாங்க, எல்பி கொஞ்சமாத்தான் அடிச்சாங்க, இளையராஜா ரசிகர்கள் இன்னிக்கு அதைத்தான் தேடறாங்க.

அப்புறம் எந்த வகையிலயும் சேராத குப்பைன்னு ஒரு குவியல் விழும். சினிமா இல்ல, கச்சேரி இல்ல, பேர் தெரியாத ஆளு, விளம்பரத் தட்டு, வாத்திய இசை. அதைத்தான் ரெண்டு தடவை பாக்கணும். மும்பை சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982ல சிந்தசைசர்ல பத்து ராகத்தை டிஸ்கோ தாளத்துல வாசிச்சு ஒரு எல்பி போட்டார், அப்ப யாரும் சீண்டல. நெதர்லாண்ட்ஸ்காரர் ஒருத்தர் இந்தியாவுல பழைய ரெகார்டுக் கடையில அதைக் கண்டெடுத்து 2010ல மறுபடி வெளியிட்டதும் உலகமே திரும்பிப் பாத்துது. அதே 1982ல வந்த, ரூபா பிஸ்வாஸ் கனடாவுல பதிவு பண்ணின டிஸ்கோ ஜாஸ்ங்கற எல்பிக்கும் இதே கதைதான். ரெண்டுமே முன்னாடி தெரியாத குவியல்ல கிடந்ததுதான்.

உங்க வீட்டுக்கு வந்த வியாபாரியைத் திட்டறதுக்கும் இல்ல. இந்த ஊர்ல கோடவுன் வாடகை, தூக்குகூலி, வருஷக்கணக்கா விக்காம நிக்கற தட்டு எல்லாத்தையும் அவர்தான் சுமக்கணும், அதனால கடை விலையில ஒரு பங்குதான் தர முடியும். நானும் அப்படித்தான் வாங்கறேன். ஆனா ஒரே ரேட்டுன்னா, மொத்தப் பணமும் நூறு தட்டுல இருக்குன்னு அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாதுன்னு அர்த்தம். மீதி, பழைய சாமான் விக்கற சோர் பஜார் பிளாட்பாரத்துல வெயில்ல கிடக்கும். பட்டியல் கையில இருந்தா பேச்சே மாறும். நல்லதை மட்டும் பொறுக்கிட்டுப் போறேன்னு யாராவது சொன்னாலும் ஒத்துக்காதீங்க, மீதி 2,900 உங்க தலையில நிக்கும், அப்புறம் பங்கார்வாலாதான் (பழைய சாமான்காரன்) வருவான். நல்லது வேணும்னா சாதாரணமானதையும் சேர்த்து எடுக்கட்டும், ரேட் மட்டும் வேற வேற.

78க்கு இன்னொரு வழி இருக்கு. இதே மும்பையில 1990ல ஆரம்பிச்ச சொசைட்டி ஆஃப் இந்தியன் ரெகார்டு கலெக்டர்ஸ் இருக்கு, கேட்டலாக் நம்பரைப் பார்த்தாலே கதை சொல்றவங்க அங்க உண்டு. சென்னையில ரோஜா முத்தையா நூலகமும் பழைய தட்டுகளைப் பாதுகாக்குது. வேற எங்கயும் இல்லாத தட்டுன்னு தெரிஞ்சா, விக்கறதுக்கு முன்னாடி ஒரு நல்ல டிஜிட்டல் காப்பி எடுத்துடுங்க. 78க்கு எல்பி ஊசி ஆகாது, அகலமான தனி ஊசி வேணும், அது வச்சிருக்கறவங்ககிட்டதான் குடுக்கணும். யூடியூப்ல போடறதா இருந்தா ஞாபகம் வச்சுக்கங்க, நம்ம சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான வருஷத்துக்கு அப்புறம் 60 வருஷம் உரிமை உண்டு.

மொத்தத்தையும் ஒரே ஆளா பண்ணாதீங்க. தம்பியையும் உக்கார வைங்க, ஒருத்தர் படிக்க ஒருத்தர் டைப் பண்ணினா வேகமா ஓடும். நோட்டோட முதல் சில பக்கத்தையும் அந்தச் சேராத குவியலையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, எதை யார்கிட்ட காட்டணும்னு சொல்றேன். வாங்கறது நானா இருந்தாலும் சரி, வேற யாரா இருந்தாலும் சரி, நோட்டை மட்டும் யாருக்கும் குடுக்காதீங்க.