பழைய சர்வரில் புது இயங்குதளம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: செகண்ட் ஹேண்டில் டெல் பவர்எட்ஜ் ஆர்710 வாங்கியிருக்கிறேன். பெர்க் 6/ஐ ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளை ஒன்றிணைத்து நிர்வகிக்கும் கார்டு), ஆறு டிஸ்க். சென்ட்ஓஎஸ் 6 அதில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ராக்கி லினக்ஸ் 8 போடப் போனால், டிஸ்க் தேர்ந்தெடுக்கும் பக்கம் காலியாக இருக்கிறது. ரெய்டு கார்டு போய்விட்டதா?

பதில்: கார்டு போகவில்லை. அவசரப்பட்டு வேறு வாங்கிவிடாதீர்கள். ரெட் ஹாட் நிறுவனம் தன் லினக்ஸின் 8ஆம் பதிப்பில் பழைய ரெய்டு கார்டுகள் பலவற்றின் அடையாள எண்களை டிரைவரிலிருந்து (கார்டை இயக்கும் மென்பொருள்) எடுத்துவிட்டது. பெர்க் 6/ஐ, எச்200 இரண்டும் அப்படி அடிபட்டவை. டிரைவர் கோப்பு உள்ளே இருக்கும். ஆனால் உங்கள் கார்டைத் தன்னுடையது என்று அது கண்டுகொள்ளாது. ரெட் ஹாட்டை அடியொற்றி வரும் ராக்கியிலும் இதே நிலைதான்.

ஆனாலும் முதலில் கார்டைப் பார்த்துவிடுங்கள். சர்வர் கிளம்பும்போது கன்ட்ரோல்+ஆர் அழுத்தினால் அதன் மெனு வரும். விர்ச்சுவல் டிஸ்க் (பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கார்டு ஒன்றாகக் காட்டுவது) ‘ஆப்டிமல்’ என்று இருக்க வேண்டும். ‘ஃபாரின்’ என்று வந்தால், அந்த டிஸ்க்குகள் வேறொரு கார்டில் ரெய்டு அமைத்தவை. பழைய தரவு வேண்டுமானால் இம்போர்ட், வேண்டாமானால் கிளியர் கொடுத்துப் புதிதாக விர்ச்சுவல் டிஸ்க் உருவாக்குங்கள். இங்கே எல்லாம் சரி, இன்ஸ்டாலரில் மட்டும் டிஸ்க் இல்லை என்றால், கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்2 அழுத்திக் கட்டளைத் திரைக்குப் போங்கள். எல்எஸ்பிசிஐ கட்டளையை ‘-என்என்’ சேர்த்துக் கொடுங்கள் (lspci -nn). ரெய்டு கார்டின் வரியில் 1000:0060 என்று இருந்தால் பிரச்சினை டிரைவரில்தான்.

ராக்கி 8தான் வேண்டும் என்றால், ரெட் ஹாட் வகை லினக்ஸ்களுக்கு டிரைவர் தரும் ஈஎல்ரெப்போ தளத்தில் மெகாரெய்ட் எஸ்ஏஎஸ் (உங்கள் கார்டுக்கான டிரைவரின் பெயர்) டிரைவர் டிஸ்க்கின் ஐஎஸ்ஓ கோப்பை எடுத்து, தனியாக ஒரு சின்ன பென் டிரைவில் எழுதுங்கள். நீங்கள் போடும் துணைப்பதிப்பு எண்ணும் (8.8, 8.9, 8.10 என்பது போல) அந்தக் கோப்பின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: எண் மாறினால் டிரைவர் ஏற்றப்பட்டது போல் தோன்றும், டிஸ்க் மட்டும் வராது. இன்ஸ்டாலரின் முதல் மெனுவில் டேப் அழுத்தி, வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, சின்ன எழுத்தில் ‘ஐஎன்எஸ்டி.டிடி’ (inst.dd) என்று தட்டுங்கள். யுஇஎஃப்ஐ முறையில் (பயாஸுக்குப் பின் வந்த புதிய முறை) கிளப்பியிருந்தால் டேப்புக்குப் பதில் ‘இ’ விசை. எந்த பென் டிரைவ் என்று கேட்கும். தேர்ந்தெடுத்தால் டிஸ்க்குகள் வந்துவிடும்.

இந்த வழியில் ஒரு தொல்லை உண்டு. அடுத்த துணைப்பதிப்புக்கு அப்டேட் செய்யும்போது புதுக் கர்னலோடு (இயங்குதளத்தின் மையப் பகுதி) அந்த டிரைவர் ஒத்துப்போகாவிட்டால், சர்வர் டிராகட் என்னும் தொடக்கக் கருவியின் அவசரத் திரையில் நின்றுவிடும். அதனால் பழைய கர்னலை நீக்காதீர்கள். சர்வர் கிளம்பும்போது வரும் கிரப் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்தால் எழுந்துவிடும்.

ராக்கிதான் என்ற கட்டாயம் இல்லையென்றால், அதைப் போலவே ரெட் ஹாட்டை ஒட்டி வரும் அல்மாலினக்ஸ் 9.4 அல்லது அதற்குப் பிந்தைய 9 வரிசைப் பதிப்பைப் போடுங்கள். மெகாரெய்ட், எச்பிஎஸ்ஏ முதலான டிரைவர்களில் நீக்கப்பட்ட பழைய கார்டுகளை அல்மாலினக்ஸ் குழுவினர் 2024இல் திரும்பச் சேர்த்தார்கள். ஆர்710க்கு எங்கள் சிபாரிசு இதுதான். டிஸ்க் வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: பெர்க் 6/ஐ கார்டு 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கின் முழுக் கொள்ளளவைப் பயன்படுத்தாது. 4 டிபி டிஸ்க் வாங்கிப் போட்டால் பணம் வீண்.

கேள்வி: பவர்எட்ஜ் 2950, ஜியான் 5400 வரிசைச் சிப். ராக்கி 9 கிளம்பிய சில நொடிகளிலேயே ‘சிபியு எக்ஸ்86-64-வி2 ஆதரிக்கவில்லை’ என்று சொல்லி நின்றுவிடுகிறது.

பதில்: இதற்குச் சுற்றுவழி கிடையாது. எக்ஸ்86-64-வி2 என்பது சிப்பில் என்னென்ன கட்டளைகள் இருக்க வேண்டும் என்ற ஒரு தரநிலை. ராக்கியின் 9ஆம் பதிப்பு முழுவதும் அதில் அடங்கிய எஸ்எஸ்இ 4.2 கட்டளைத் தொகுதி இருக்கிறது என்று நம்பிக் கட்டப்பட்டது. உங்கள் சிப்பில் 4.1 வரைதான் உண்டு, 4.2 வந்தது 2009இல் வெளியான ஜியான் 5500 வரிசையில். டெபியன் 12 போடுங்கள், அது பழைய 64 பிட் சிப்களிலும் ஓடும். இன்னொரு நன்மை, இந்த சர்வரின் பிராட்காம் நெட்வொர்க் கார்டுக்கு வேண்டிய ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஏற்றப்படும் மென்பொருள்), 12இன் இன்ஸ்டாலரிலேயே இருக்கிறது. முந்தைய பதிப்புகளில் அதைத் தனியாகத் தேடிக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆர்720 வைத்திருப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. ரெட் ஹாட் 10 ஏவிஎக்ஸ்2 என்ற இன்னும் புதிய கட்டளைத் தொகுதியைக் கேட்கிறது. ஜியான் இ5-2600 வரிசையில் வி3 சிப் முதல்தான் அது உண்டு.

கேள்வி: இன்ஸ்டால் ஒருமுறை 34 சதவீதத்தில் நிற்கிறது, மறுமுறை 71இல். பென் டிரைவை மாற்றியும் பயனில்லை.

பதில்: ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் பென் டிரைவையோ ஐஎஸ்ஓ கோப்பையோ சந்தேகிக்கலாம். இடம் மாறி மாறி நின்றால் முதலில் ரேம்தான். மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை நிரலைப் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள்; ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு நல்லது என்று முடிவுகட்ட வேண்டாம். ரேம் இசிசி வகை என்பதால் சின்னப் பிழைகளை அதுவே திருத்திவிடும், சோதனையில் தெரியாது. எனவே சர்வரின் நிகழ்வுப் பதிவையும் பாருங்கள். எந்த ஸ்லாட் என்பதை ஏ2, பி1 என்று பெயரோடு அதுவே சொல்லும். ஆர்710இல் ஒரு சிப்புக்கு ஒன்பது ஸ்லாட். வெள்ளைத் தாழ்ப்பாள் உள்ளவற்றில்தான் முதலில் ரேம் இருக்க வேண்டும். அவற்றைக் காலியாக விட்டு, கறுப்புத் தாழ்ப்பாளில் செருகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான்கு 2 டிபி டிஸ்க், ரெய்டு 5. டெபியனில் பார்ட்டிஷனை நானே பிரித்தேன். கடைசியில் சிவப்புத் திரை வந்து, கிரப் நிறுவ முடியவில்லை என்கிறது.

பதில்: ரெய்டு 5இல் ஒரு டிஸ்க் அளவு இடம் பாதுகாப்புக்குப் போய்விடும் என்பதால், உங்கள் விர்ச்சுவல் டிஸ்க் 6 டிபி. பார்ட்டிஷன்களைக் குறித்துவைக்கும் பழைய எம்பிஆர் அட்டவணை 2 டிபியோடு முடிந்துவிடும் என்பதால், அதற்குப் பின் வந்த ஜிபிடி அட்டவணை கட்டாயம். பயாஸ் முறையில் ஜிபிடி டிஸ்க்கிலிருந்து கிளம்ப, கிரப் தன் பகுதியை வைக்க 1 எம்பி இடம் கேட்கும். பார்ட்டிஷன் பக்கத்தில் முதல் துண்டாக 1 எம்பி ஒதுக்கி, அதன் வகையை ‘ரிசர்வ்டு பயாஸ் பூட் ஏரியா’ என்று வையுங்கள். அந்தத் துண்டு ஏற்கெனவே இருந்தும் இதே பிழை வந்தால், கிரப் எந்த டிஸ்க்குக்குப் போகிறது என்று பாருங்கள். பென் டிரைவ் முதல் டிஸ்க்காக உட்கார்ந்திருக்கும்.

இதைவிட நல்லது, ரெய்டு மெனுவிலேயே அதே நான்கு டிஸ்க்கிலிருந்து இயங்குதளத்துக்கு 100 ஜிபி, மீதி தரவுக்கு என இரண்டு விர்ச்சுவல் டிஸ்க் பிரித்துக்கொள்வது. நாளை இயங்குதளத்தை மறுபடி போட நேர்ந்தாலும் தரவைத் தொட வேண்டியதில்லை.

கேள்வி: நெட்வொர்க் வேலை செய்கிறது, ஆனால் பேக்கேஜ் இறக்கும்போது ‘சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று வருகிறது.

பதில்: தேதியைப் பாருங்கள், பல வருடம் பின்னால் இருக்கும். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும். மாற்றும்முன் இரண்டு பவர் கேபிளையும் பிடுங்குங்கள். ஒன்றை மட்டும் கழற்றினால் மற்ற சப்ளையால் போர்டில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பேட்டரி போனபோது பயாஸ் அமைப்புகளும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கலாம். எனவே எஃப்2 அழுத்தி உள்ளே போய்த் தேதியோடு, சாட்டா முறையையும் பூட் வரிசையையும் சரிபார்த்துவிட்டு இன்ஸ்டாலை மறுபடி தொடங்குங்கள்.