கோடாக் போன ஊருக்கு மகளை அனுப்பலாமா?

சிவகாசி அண்ணாச்சிக்கு வணக்கம்.

பாப்பாவுக்கு அமெரிக்காவில் ராச்செஸ்டர் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் இமேஜிங் சயின்ஸ், அதாவது படமெடுக்கும் கருவிகளின் அறிவியல், எம்.எஸ். படிக்க இடம் கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். உங்கள் கடிதத்தில் சந்தோஷத்தைவிட பயம் கூடுதலாக இருக்கிறது. உங்கள் மச்சினர் கூகுளில் தேடி அனுப்பிய கணக்கு சரியானதுதான். அந்த ஊரின் ஜனத்தொகை 1950-ல் 3,32,488, 2020-ல் 2,11,328. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்த ஊர், போதாக்குறைக்கு கோடாக் திவாலான ஊர், அங்கே போய் இமேஜிங் படித்து என்ன பிரயோசனம் என்று கேட்டிருக்கிறீர்கள். அச்சகம் நடத்துபவர் கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அமெரிக்காவில் பேர்பெற்ற ராச்செஸ்டர்கள் இரண்டு. மேயோ கிளினிக் என்ற பெரிய மருத்துவமனை இருப்பது மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர். பாப்பா போவது நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர். வாடகை, சம்பளம் என்று இணையத்தில் தேடும்போது இரண்டும் கலந்து வரும், மாநிலப் பெயரையும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். நியூயார்க் மாநிலம் என்றதும் நியூயார்க் நகரத்தை நினைத்து வாடகைக்கு மலைக்கவும் வேண்டாம். நகரத்திலிருந்து காரில் ஐந்தரை, ஆறு மணி நேரம், ஒன்டாரியோ ஏரிக் கரையோரம்.

இப்போது அந்த எண். அது நகர எல்லைக்குள் வசிப்பவர்களின் கணக்கு மட்டும். அந்த நகரம் இருக்கிற மன்ரோ மாவட்டத்தின் ஜனத்தொகை 1950-ல் 4,87,632. 2020-ல் 7,59,443. நகரத்தில் சுமார் ஒன்றே கால் லட்சம் பேர் குறைய, மாவட்டத்தில் சுமார் இரண்டே முக்கால் லட்சம் பேர் கூடியிருக்கிறார்கள். சனம் ஊரைவிட்டு ஓடவில்லை, நகர எல்லையைத் தாண்டி பிரைட்டன், பிட்ஸ்ஃபோர்டு, ஹென்ரியட்டா என்று புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தது. பாப்பா படிக்கப்போகும் வளாகமே 1968-ல் நகரத்தின் நடுவிலிருந்து ஹென்ரியட்டாவுக்கு மாறியதுதான். சுற்றுவட்டாரத்தையும் சேர்த்தால் இன்று பத்து லட்சத்துக்கு மேல்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வசதியானவர்கள், பெரும்பாலும் வெள்ளையர்கள், வெளியே போக, வீடும் வேலையும் மறுக்கப்பட்ட கறுப்பின மக்கள் நகரத்துக்குள் தேங்கினார்கள். 1964 ஜூலையில் அது பெரிய கலவரமாக வெடித்து, தேசியக் காவல்படை வரவேண்டியதாயிற்று. ஃபிரெடரிக் டக்ளஸ் 1847-ல் அடிமைமுறைக்கு எதிராகப் பத்திரிகை தொடங்கிய ஊர், பெண்ணுக்கு ஓட்டு இல்லாத காலத்தில் சூசன் ஆந்தனி 1872-ல் துணிந்து ஓட்டுப் போட்டு கைதான ஊர் என்ற பெருமைகளும் இதே ஊருக்குத்தான். இன்றும் நகர எல்லைக்குள் நாலில் ஒருவருக்கு மேல் வறுமையில் இருக்கிறார்கள். அதனால் வீடு பார்க்கும்போது வாடகை மலிவு என்று மட்டும் பார்க்காமல், எந்தப் பகுதி, வளாகத்துக்குப் பேருந்து இருக்கிறதா என்று அங்கே ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளிடம் விசாரிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து கோடாக். இந்த ஊர் பிழைப்பை மாற்றிக்கொள்வது கோடாக்கோடு தொடங்கியதல்ல. ஜெனெசி ஆற்று நீர்வீழ்ச்சியில் மாவு மில்கள் ஓடின. 1825-ல் ஈரி கால்வாய் முழுதாகத் திறந்தபோது மாவு நேராக நியூயார்க் துறைமுகத்துக்குப் போனது. 1820-ல் 1,502 பேர் இருந்த சிற்றூரில் 1830-ல் 9,207 பேர். கோதுமை விளைச்சல் மேற்கே நகர்ந்ததும் மாவு வியாபாரம் தளர்ந்தது. நாற்றுப் பண்ணைகளும் விதை வியாபாரமும் வந்தன, பிறகு ஆண்கள் உடை தைக்கும் தொழில். 1853-ல் ஜெர்மனியிலிருந்து குடியேறிய பாஷ் என்பவர் கண்ணாடிக் கடை வைத்தார், லோம்ப் பணம் போட்டார். பாஷ் அண்ட் லோம்ப் அப்படி வந்தது.

வங்கிக் குமாஸ்தாவாக இருந்த ஜார்ஜ் ஈஸ்ட்மேன் அம்மா வீட்டு அடுப்படியில் புகைப்படம் பிடிக்கும் கண்ணாடித் தகடான உலர் பிளேட் செய்து பார்த்துத் தொடங்கிய தொழில்தான் கோடாக். கணினியிலிருந்து நேராக அச்சுத் தகடு எடுக்கும் சிடிபி-க்கு நீங்கள் வாங்கும் பிளேட்டில்கூட அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். 1888-ல் கோடாக் கேமரா. 1912 முதல் லாபத்தில் தொழிலாளிக்கும் பங்கு. அந்தப் பணம் கைக்கு வரும் நாளுக்காக ஊர்க் கடைகள் காத்துக் கிடக்குமாம். 1982-ல் ராச்செஸ்டரில் மட்டும் கோடாக்கில் 60,400 பேர் வேலை பார்த்தார்கள்.

டிஜிட்டல் கேமரா வந்து கோடாக் கவிழ்ந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த டிஜிட்டல் கேமராவை 1975-ல் செய்து காட்டியவரே கோடாக்கின் இளம் பொறியாளர் ஸ்டீவ் சாசன். மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை. ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி. ஃபிலிமில் அள்ளிக்கொண்டிருந்த லாபத்தை விட்டுவிட நிர்வாகத்துக்கு மனமில்லை. ஆட்குறைப்பு ஆண்டுக்கணக்காக நடந்தது. 2007-ல் தொழிற்சாலைக் கட்டடங்கள் சிலவற்றை வெடிவைத்தே தகர்த்தார்கள். 2012 ஜனவரியில் திவால் மனு, 2013 செப்டம்பரில் அதிலிருந்து மீண்டது. சினிமா ஃபிலிம் இன்றும் அங்கேதான் உற்பத்தியாகிறது, ஆனால் ஆட்கள் பழைய கணக்கில் சிறு பங்குதான். இதே ஊரில் 1959-ல் 914 நகல் இயந்திரத்தைக் கொண்டுவந்த ஜெராக்ஸும் தலைமையகத்தை எப்போதோ கனெக்டிகட்டுக்கு மாற்றிக்கொண்டு, உள்ளூரில் பெரிதும் சுருங்கிவிட்டது.

ஒரு கம்பெனி அறுபதாயிரம் பேரை வைத்திருந்து மெலிந்தால் ஊர் எப்படி நிற்கும் என்று நீங்கள் கேட்பது புரிகிறது. கம்பெனி போனாலும் கைத்தொழில் போகவில்லை. முதல் உலகப் போரில் ஜெர்மன் கண்ணாடி வரத்து நின்றபோது பாஷ் அண்ட் லோம்ப் தானே லென்ஸ் கண்ணாடி காய்ச்சப் பழகியது. ஆள் பற்றாக்குறையைத் தீர்க்க, அந்த நிறுவனமும் கோடாக்கும் துணை நிற்க, 1929-ல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒளியியலுக்கென்றே ஒரு கல்வி நிலையம் வந்தது. அமெரிக்காவில் அதுதான் முதல். 1985-ல் அந்தப் பல்கலைக்கழகத்து லேசர் ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த டோனா ஸ்டிரிக்லேண்டும் பேராசிரியர் ஜெரார்ட் மூரூவும் செய்த வேலைக்கு 2018-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. கோடாக்கிலிருந்து வெளியே வந்தவர்கள் பலர் லென்ஸ், சென்சார், அளவைக் கருவி என்று சின்னச் சின்னப் பட்டறைகளிலும் கம்பெனிகளிலும் அமர்ந்தார்கள். சிவகாசியில் ஒரு பெரிய பிரஸ் மூடினால் அதன் மிஷின்மேன்கள் பத்துச் சின்ன பிரஸ்களில் இருப்பார்களே, அதே கதைதான். பாப்பா படிக்கப்போகும் துறைக்கு ஜெராக்ஸ் முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சனின் பெயர்தான். செயற்கைக்கோள் படம், மருத்துவ ஸ்கேன், கேமரா சென்சார் எல்லாம் இன்றைய இமேஜிங்தான். ஃபிலிம் சுருளை மட்டும் நினைத்துப் பயப்படாதீர்கள்.

இன்று அந்த ஊரில் அதிகம் பேருக்குச் சம்பளம் கொடுப்பது ராச்செஸ்டர் பல்கலைக்கழகமும் அதன் மருத்துவமனைகளும்தான். அடுத்து இன்னொரு மருத்துவமனைக் குழுமம், வெக்மன்ஸ் என்ற மளிகைக் கடைத் தொடர், சம்பளப் பட்டியல் போட்டுத் தரும் பேசெக்ஸ், ராணுவ ரேடியோவும் விண்வெளிக் கேமராவும் செய்யும் எல்3ஹாரிஸ். கோடாக் காலத்துச் சம்பளமும் போனஸும் மளிகைக் கடை வேலையில் வராது. ஊர் முன்போல் செழித்திருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிழைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தப் பட்டியல் பாப்பாவின் விசாவோடு நேராகச் சம்பந்தப்பட்டது. ஏஜென்ட்டுகள் இதைச் சொல்வதே இல்லை. படிப்பு முடிந்ததும் ஓபிடி என்ற மாணவர் வேலை அனுமதியில் 12 மாதம் வேலை பார்க்கலாம். படிப்பு அரசின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். அதற்குப் பிறகு ஹெச்-1பி என்ற வேலை விசா. தனியார் கம்பெனிகளுக்கு அது ஆண்டுக்கு 85,000 பேருக்குத்தான். அதில் 20,000 அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்கு. மனுக்கள் அதைவிட மிக அதிகம் வருவதால் பொறுக்கி எடுக்கிறார்கள், திறமை இருந்தும் கிடைக்காமல் போகலாம். பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றோடு இணைந்த லாபநோக்கற்ற நிறுவனங்களுக்கும் இந்த உச்சவரம்பு கிடையாது, குலுக்கலில் நிற்காமலே மனுப்போடலாம். ஊரின் பெரிய முதலாளியே பல்கலைக்கழகமாக இருப்பதன் அருமை இங்கேதான் தெரியும். மருத்துவப் படங்களை ஆராயும் கூடங்களில் இமேஜிங் படித்தவருக்கு வேலை உண்டு. சம்பளம் கம்பெனியைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த வட்டாரத்து ஒளியியல் வேலைகளில் கணிசமானவை ராணுவம், விண்வெளி சார்ந்தவை. அவற்றுக்கு அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்பார்கள். வளாகத்தில் கம்பெனி வந்தது என்று பெருமையாகச் சொல்வார்கள், நம் பிள்ளை அதில் விண்ணப்பிக்கவே முடியாது. ஆகவே, போன இரண்டு மூன்று வருடங்களில் இந்தத் துறையில் முடித்த வெளிநாட்டு மாணவர்கள் எங்கெங்கே சேர்ந்தார்கள் என்று துறைக்கே நேரடியாக மின்னஞ்சல் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். மழுப்பலான பதில் வந்தால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கல்லூரியில் கோ-ஆப் என்று ஒரு ஏற்பாடு 1912-லிருந்து இருக்கிறது: படிப்புக்கு நடுவே சில மாதம் கம்பெனியில் சம்பளத்தோடு வேலை. நல்ல விஷயம், ஆனால் எம்.எஸ். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்காது, இவள் படிப்பில் உண்டா என்று கேட்டு உறுதி செய்யவேண்டும். இதற்கு சிபிடி, அதாவது படிக்கும்போதே வேலை பார்க்கும் அனுமதி, வேண்டும். முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டுவிட்டால் அந்தப் பட்டத்துக்கான ஓபிடி போய்விடும். மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவம் வந்ததும் படிப்பின் குறியீட்டு எண் ஸ்டெம் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2025 செப்டம்பரில் புது ஹெச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள், விளக்கங்களும் வழக்குகளும் பின்னாலேயே வந்தன. பாப்பா படித்து முடிக்கும்போது விதி எப்படி இருக்கும் என்று இன்று யார் அடித்துச் சொன்னாலும் அவரிடம் பணம் கட்டாதீர்கள்.

குளிரைப் பற்றி அக்கா தனியாகக் கேட்டிருந்தார்கள். ஏரிக் காற்று கொண்டுவரும் பனி வருடத்துக்குச் சராசரியாக இரண்டரை மீட்டர் கொட்டும். இங்கே கனமான கோட்டு வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம், அங்கே போய் வாங்கட்டும். சாப்பாட்டுக்கும் சாமிக்கும் குறைவில்லை. பிட்ஸ்ஃபோர்டில் இந்துக் கோயில் இருக்கிறது. தெற்கே ரஷ் என்ற சிற்றூரில் இலங்கைத் தமிழர் ஒருவர் நிறுவிய ராஜராஜேஸ்வரி பீடம் இருக்கிறது, பெண்களும் பூசை செய்கிறார்கள். டொரன்டோ காரில் மூன்று மணி நேரம்தான், ஆனால் அது வேறு நாடு, கனடா விசா தனியாக வாங்கவேண்டும். இன்னொன்று, காது கேளாதவர்களுக்கான தேசியத் தொழில்நுட்பக் கல்வி நிலையம் அதே வளாகத்தில் 1968 முதல் நடக்கிறது. வகுப்பில் சைகை மொழிபெயர்ப்பாளர் நிற்பதைப் பார்த்து பாப்பா திகைக்க வேண்டாம். முடிந்தால் கொஞ்சம் கற்றுக்கொள்ளட்டும்.

கடைசியாகக் கடன். பிரஸ் இருக்கிற இடத்தை அடமானம் வைத்து 40 லட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். 11 சதவீத வட்டி, பத்து வருடம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 55,000 ரூபாய், படிக்கும் காலத்து வட்டி தனி. டாலர் சம்பளத்தில் இது பெரிதில்லை. அங்கே வேலை அமையாமல் பாப்பா திரும்பி வந்து சென்னையிலோ பெங்களூரிலோ சேர்ந்தால், முதல் இரண்டு வருடம் அந்தத் தவணையைப் பிரஸ் வருமானத்தில் கட்ட முடியுமா? முடியும் என்றால் தயங்காமல் அனுப்புங்கள். முடியாது என்றால், ஊர் நல்ல ஊர்தான், படிப்பும் நல்ல படிப்புதான், ஆனாலும் கடனை 25 லட்சத்துக்குள் கொண்டுவரும் வழி தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். துறையில் உதவித்தொகையோ ஆராய்ச்சி உதவியாளர் இடமோ உண்டா என்று பேராசிரியர்களுக்குப் பாப்பா இந்த வாரமே எழுதட்டும். சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்க அனுமதி உண்டா என்பதையும் அதே கடிதத்தில் கேட்கலாம். பதில்கள் வந்ததும், வங்கியின் கடன் ஒப்புதல் கடிதத்தோடு சேர்த்து எனக்கு அனுப்புங்கள், கல்லூரிக்கு டெபாசிட் கட்டுவதற்கு முன்.