விலகும் மூன்றாம் நிறம்

கேள்வி: ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் ‘காண்டாமிருகம்’ மர அச்சை லினோவில் (செதுக்கி அச்சிட உதவும் மென்மையான லினோலியம் தகடு) மூன்று நிறத்தில் புதிதாக ஆக்குகிறேன். ஒரு நிறம் அச்சிட்டபின் அதே பலகையை மேலும் செதுக்கி அடுத்த நிறம் போடுகிறேன், தாளைப் பலகைமேல் வைத்துக் கையால் தேய்க்கிறேன். மூன்றாவது நிறம் ஒரு மில்லிமீட்டர் விலகுகிறது, மெல்லிய கோடுகளும் உதிர்கின்றன. ஏன்?
- வாசகி, ஈசூன்

பதில்: முதலில் விலகலைத் தாள் தாளாகப் பாருங்கள். எல்லாத் தாளிலும் ஒரே பக்கம், ஒரே அளவு என்றால் பலகையோ, தாளின் மூலை முட்டி நிற்க வைத்த அட்டையோ நகர்ந்திருக்கிறது. அதை ஒட்டினால் போதும். முட்டும் மூலையில் சரியாக இருந்து எதிர்மூலைக்குப் போகப்போக விலகல் கூடினால், தாள் ஈரத்தில் நீண்டுவிட்டது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் பெரும்பாலும் இதுதான். முதல் நிறத்தை ஏர்கானிலும் மூன்றாவதை மழை நாளில் ஜன்னல் திறந்தும் போட்டால் தாள் எப்படி ஒத்துப்போகும்? அச்சிடும் அறையிலேயே தாளை ஒரு நாள் வைத்திருங்கள். மூன்று நிறத்தையும் ஒரே நிலையில் போடுங்கள். எல்லாத் தாளின் நார் ஓட்டமும் ஒரே திசையில் இருக்கட்டும். பத்துப் பிரதி வேண்டுமானால் பதினான்கு தாளில் தொடங்குங்கள். செதுக்கிய இடம் திரும்ப வராது, பிறகு கூடுதலாக அச்சிட முடியாது.

மையை மெல்லியதாகப் பூசுங்கள். அடிப்பூச்சு தடித்துப் பளபளத்தால் அடுத்த நிறம் பிடிக்காமல் திட்டுத்திட்டாக நிற்கும்.

கோடு உதிர்வதற்கு லினோவே காரணம். ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்த பண்டம், மரத்தின் இறுக்கம் அதற்கு இல்லை. கோட்டின் அடி அகன்று மேல் குறுகும்படி உளியைச் சாய்த்துப் பிடியுங்கள். உள்பக்கமாகக் குடைந்தால் தேய்க்கும்போதே ஒடியும். அப்படியும் டியூரரின் ஒவ்வொரு கீற்றையும் லினோவில் பிடிக்க முடியாது, பிடிக்கவும் வேண்டாம். 1958இல் ஜெர்மன் ஓவியர் இளைய கிரானாக்கின் ஓவியத்தை லினோவில் எடுத்தபோது, பிகாசோ அதன் நுணுக்கங்களைத் தட்டையான நிறத்திட்டுகளாக மாற்றினார். டியூரரும் 1515இல் அந்த விலங்கை நேரில் பார்த்து வரையவில்லை. குஜராத்திலிருந்து லிஸ்பன் போன காண்டாமிருகத்தைப் பற்றி வந்த செய்தியை வைத்து வரைந்தார். அவர் கற்பனையில் பிறந்த கவசத் தகடுகளையே நிற எல்லையாக்குங்கள். தோள்மேல் இருக்கும் அந்தப் பொய்க் கொம்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்!

கேள்வி: இப்படிச் செய்ததை விற்கலாமா?
- வாசகர், தெம்பனிஸ்

பதில்: டியூரர் 1528இல் காலமானவர், அவர் படைப்புக்குத் தடையில்லை. சிங்கப்பூரில் ஓவியர் மறைந்த பின் 70 ஆண்டு பதிப்புரிமை உண்டு. 1973இல் மறைந்த பிகாசோவின் படைப்பு என்றால் 2043 முடியும்வரை அனுமதி வேண்டும். படத்தின் அடியில் பென்சிலால் ‘டியூரரைத் தழுவி’ என்று எழுதி, 3/10 (பத்தில் மூன்றாவது பிரதி) என எண்ணிட்டுக் கையெழுத்திடுங்கள்.