பதில்: சில்க்சாங் வந்ததிலிருந்து தூக்கமே இல்லை

ராத்திரி இரண்டு மணி வரை சில்க்சாங் வீடியோ கேம், கட்டைவிரலில் வலி, இதில் ஹேட்ஸ் 2 என்ற இன்னொரு கேமும் வாங்கலாமா என்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம் நண்பரே. விரலுக்கு முதலில் ஓய்வு கொடுங்கள். வலி விடாவிட்டால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

சிக்கலே சில்க்சாங்கில் வரும் அந்தப் பெஞ்சுதான். செத்தால் கடைசியாக உட்கார்ந்த பெஞ்சில் எழுவோம், சேர்த்த ரோசரி மணிகள் (கேமுக்குள் அதுதான் காசு) செத்த இடத்திலேயே கிடக்கும். அதை எடுக்காமல் எப்படிப் படுப்பது? தாராளமாகப் படுக்கலாம். கேமை மூடினாலும் அங்கேயேதான் இருக்கும், எடுப்பதற்குள் மறுபடி சாகாத வரை. அதனால் பத்து மணிக்கு மேல் புது பாஸோடு (பெரிய எதிரி) சண்டை வேண்டாம், பெஞ்சில் உட்கார்ந்ததும் மூடிவிடுங்கள்.

அப்புறம், புதுச்சேரியில்தானே இருக்கிறீர்கள்? சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். காந்தி சிலை வரை ஒரு நடை போய்விட்டு வந்து விளையாடுங்கள். லாஸ்ட் ஜட்ஜ் என்ற பாஸோடு சண்டை என்றால் இரண்டு நடை.