டாக்டர் வராத டாக்டர் ஹூ படங்கள்: கேள்வி பதில்

கேள்வி: பிபிசி எடுக்காத டாக்டர் ஹூ வீடியோ படங்கள் எல்லாம் திருட்டுத்தனமாக எடுக்கப்பட்டவையா?

பதில்: அல்ல. டாக்டர் ஹூ பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர்; காலத்தில் பயணிக்கும் ‘டாக்டர்’ அதன் நாயகர். தொடருக்கு எழுதிய வெளிக் கதாசிரியர்கள், தாம் உருவாக்கிய வேற்றுக்கிரகவாசிகளின் உரிமையைப் பெரும்பாலும் தம்மிடமே வைத்திருந்தார்கள். டாக்டரும் அவருடைய காலப்பயணக் கலமான டார்டிஸும் பிபிசிக்குச் சொந்தம். ஆனால் சான்டாரன்கள் ராபர்ட் ஹோம்ஸுடைய படைப்பு, யெட்டிகள் மெர்வின் ஹைஸ்மன், ஹென்றி லிங்கன் இருவருடைய படைப்பு. 1989இல் தொடர் நின்றுபோனதும், ரீல்டைம் பிக்சர்ஸ், பிபிவி முதலிய சிறு நிறுவனங்கள் உரியவர்களிடம் அனுமதி பெற்று, டாக்டரை மட்டும் விட்டுவிட்டுப் படமெடுத்தன. 1995இல் வந்த ‘டவுன்டைம்’ படத்தை இயக்கிய கிறிஸ்டோபர் பேரி, டாக்டரின் எதிரிகளான டாலெக்குகளின் முதல் கதையை இயக்கிய இருவரில் ஒருவர்.

கேள்வி: அனுமதி பெற்றவை என்றால் அவை கேனன்தானே?

பதில்: அனுமதி என்பது சட்டம்; கேனன் என்பது ஒரு கதையுலகம் தன் வரலாறாக ஏற்றுக்கொண்டது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2014இல் லூகாஸ்ஃபிலிம் ஸ்டார் வார்ஸ் நாவல்களைத் தனியே ஒதுக்கி ‘லெஜண்ட்ஸ்’ என்று பெயரிட்டதைப் போன்ற அறிவிப்பு எதையும் பிபிசி வெளியிட்டதில்லை.

கேள்வி: வேற்றுக்கிரக ஆபத்துகளை எதிர்கொள்ளும் யூனிட் என்ற இராணுவ அமைப்பின் தலைவர் பிரிகேடியர்; அவருடைய மகள் கேட், ‘டவுன்டைம்’ படத்தில் அறிமுகமானவர். 2012இல் ஜெம்மா ரெட்கிரேவ் நடிக்க அவரே, மீண்டும் தொடங்கிய தொலைக்காட்சித் தொடருக்கு வந்துவிட்டார். அப்படியானால் அந்தப் படமும் கேனனாகிவிட்டதே?

பதில்: இந்த அமர்வின் சிறந்த கேள்வி இது. ‘தி பவர் ஆஃப் த்ரீ’ என்ற அத்தியாயம் எடுத்துக்கொண்டவை பெயரும் பிறப்பும் மட்டுமே. ‘டவுன்டைம்’ படத்தில் யெட்டிகளோடு நடந்த மோதலை அது சொல்லவுமில்லை, மறுக்கவுமில்லை. பெவர்லி கிரெஸ்மன் நடித்த கேட், தந்தையோடு பேச்சுவார்த்தை அற்றுப்போய்ப் படகுவீட்டில் வாழ்ந்தவர். ரெட்கிரேவின் கேட், யூனிட் அமைப்பில் அறிவியலுக்கு முதலிடம் கொடுத்தவர்.

கேள்வி (அதே வாசகர்): ஒருவர் உள்ளே வந்தால் அவருடைய கடந்தகாலமும் கூடவே வராதா?

பதில்: வர வேண்டும் என்ற கட்டாயமில்லை. அந்தக் கடந்தகாலத்தில் எதை வைத்துக்கொள்வது என்பதைப் பின்னால் எழுதுகிறவர்தான் முடிவு செய்கிறார். மறுக்கப்படாதது எல்லாம் ஏற்கப்பட்டது என்று கொண்டால், எந்த ரசிகர் கதையையும் வெளியே நிறுத்த முடியாது. மறுத்து எழுதப் பலர் காத்திருப்பது தெரிகிறது. என் கருத்து மாறப்போவதில்லை.

கேள்வி: ‘தி ஸ்ட்ரேஞ்சர்’ படங்களில் காலின் பேக்கர் நடிப்பது, தொடரில் அவர் ஏற்ற ஆறாவது டாக்டராகவா?

பதில்: முதற்படங்கள் அப்படி எண்ண இடம் கொடுத்தன, பின்வந்தவை அவருக்கு வேறொரு பூர்வீகத்தையே தந்துவிட்டன.

கேள்வி: தொடரில் டாக்டருக்கு உதவிய விஞ்ஞானி லிஸ் ஷாவை வைத்து பிபிவி எடுத்த படங்கள் கேனனா?

பதில்: இரண்டாவது பதிலைப் படிக்கவும்.

கேள்வி: ஸ்டார் ட்ரெக் ரசிகர் படம் எடுக்க விரும்புகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அது என் துறை அன்று. உரிமையாளர்கள் 2016இல் வெளியிட்ட விதிகள், ஒரு பகுதிக்கு 15 நிமிடம், மொத்தம் இரண்டு பகுதிகள் என்று வரம்பிடுகின்றன. எஞ்சியதற்கு வழக்கறிஞரை அணுகவும்.

கேள்வி: கேனன் ஆனவற்றை மட்டும் பட்டியலிட்டுத் தர முடியுமா?

பதில்: முடியாது. பட்டியல் என்ற ஒன்று இருந்தால்தானே தர முடியும்?

கேள்வி: கேனன் கிடக்கட்டும், முதலில் எதைப் பார்க்கலாம்?

பதில்: சான்டாரன்கள் வரும் ‘ஷேக்டவுன்’ படத்தைப் பாருங்கள். தொடரின் முன்னாள் கதைத் தொகுப்பாளர் டெரன்ஸ் டிக்ஸ் எழுதியது. அதில் விண்கலமாக நீங்கள் காண்பது, லண்டனில் அருங்காட்சியகமாக நிற்கும் எச்.எம்.எஸ். பெல்ஃபாஸ்ட் போர்க்கப்பலின் உட்புறம்.