வேறு நாட்டுக்குக் குடியேறிக் கட்டடச் சிற்பியாக வாழ்ந்தவர் யாரையாவது சொல்ல முடியுமா?

எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் அத்திலியோ பிச்சிரில்லி. ஆனால் அவரைத் தனியாகச் சொல்ல முடியாது. அப்பா ஜுசெப்பே, அத்திலியோவோடு சேர்த்து ஆறு மகன்கள் என்று குடும்பம் முழுக்கவே கல்வேலை. இத்தாலியில் கராரா பளிங்குக் குவாரிகளுக்குப் பக்கத்து ஊரான மஸ்ஸாவிலிருந்து 1888இல் நியூயார்க் வந்தவர்கள், பிராங்ஸில் 142ஆம் தெருவில் பட்டறை போட்டார்கள்.

வாஷிங்டனில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் லிங்கனைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். சிற்பி டேனியல் செஸ்டர் பிரெஞ்ச் என்று படித்திருப்பீர்கள். வடிவம் அவருடையதுதான். 28 ஜார்ஜியா பளிங்குக் கற்களில் அதைச் செதுக்கியது இந்தப் பட்டறை. 19 அடி உயரம். நான் போய் நின்றபோது கல்லும் கல்லும் சேரும் கோட்டைத் தேடித் தேடிப் பார்த்தேன். பல இடங்களில் கண்ணுக்குச் சிக்கவே இல்லை.

அந்தக் காலத்தில் வேலை இப்படித்தான் பிரிந்திருந்தது. பெயர் பெற்ற சிற்பி களிமண்ணில் உருவம் செய்வார், அதை பிளாஸ்டரில் வார்ப்பார்கள். அப்புறம் 'பாயின்டிங் மெஷின்' வரும். மாதிரியின் மேல் மூன்று புள்ளிகளில் ஒரு சட்டத்தைப் பொருத்தி, அதிலுள்ள ஊசியை மூக்கு நுனி வரை, கண்குழி வரை நீட்டி அளவு எடுப்பார்கள். அதே சட்டத்தைக் கல்லில் மாட்டி, ஊசி காட்டும் ஆழத்துக்குத் துளை போடுவார்கள். இப்படி நூற்றுக்கணக்கில் துளைகள். மிச்சக் கல்லைத் தட்டி எடுத்தால் சிலை வந்துவிடும் என்று தோன்றும். வராது. கடைசியில் மேலே மிஞ்சி நிற்கும் அந்த மெல்லிய கல் அடுக்கில்தான் தோல் தோலாகவும் துணி துணியாகவும் மாற வேண்டும். அது உளி பிடிப்பவரின் கைப்பழக்கம். பிரெஞ்சுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. தன் பளிங்கு வேலைகளில் பெரும்பாலானவற்றை இவர்களிடமே கொடுத்தார். நியூயார்க் பொது நூலக வாசலில் 1911 முதல் படுத்திருக்கும் இரண்டு சிங்கங்களும் அப்படித்தான்: வடிவம் எட்வர்ட் கிளார்க் பாட்டருடையது, கல்லில் கொண்டுவந்தது பிச்சிரில்லி பட்டறை.

அத்திலியோ சொந்தப் பெயரிலும் நின்றார். ஹவானா துறைமுகத்தில் மூழ்கிய 'மெய்ன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் நினைவுச்சின்னம், 1913இல் சென்ட்ரல் பார்க் முனையில் திறக்கப்பட்டது, அவர் சிலைகளோடு எழுந்ததுதான். எழுபதை நெருங்கும் வயதில் கல்லை விட்டுக் கண்ணாடிக்கு மாறினார். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் சென்டர் கட்டடத் தொகுதியில் இரண்டு வாசல்களுக்கு மேலே பைரெக்ஸ் கண்ணாடியில் புடைப்புச் சிற்பங்கள் செய்தார்.

அதில் இத்தாலியக் கட்டடத்தின் வாசலில் இருந்ததை முசோலினி ஆட்சியின் சாயல் என்று சொல்லி 1941இல் பலகை அடித்து மூடினார்கள், பிறகு அகற்றியே விட்டார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த ஊருக்காக உழைத்தவருக்கு இப்படி நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. 1945இல் அவர் காலமானார். இன்னொன்று மட்டும் ஐந்தாவது அவென்யூ 636ஆம் எண் வாசலுக்கு மேல் அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள்.