பின்னல் கடையும் ரத்தக் காட்டேரிகளும் வரும் துப்பறியும் தொடர் பயமுறுத்துமா?

பேய்க்கதை என்றாலே அஞ்சும் குடியாத்தத்து அத்தைக்கு நான்சி வாரனின் ‘தி வாம்பயர் நிட்டிங் கிளப்’ தொடரைப் படித்துச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், தாராளமாகச் சொல்லலாம்.

ஆக்ஸ்ஃபோர்டில் பாட்டி நடத்திவந்த கம்பளி நூல் கடைக்கு வந்து சேரும் லூசி, இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட பாட்டியே ரத்தக் காட்டேரியாகி, தன்னைப் போன்றவர்களோடு இரவில் அங்கே கூடிப் பின்னுவதைக் கண்டறிவதிலிருந்து கதை விரிகிறது. ‘கோசி மிஸ்டரி’ எனப்படும் இவ்வகை மென்மையான துப்பறியும் நாவல்களில் கொலை பெரும்பாலும் திரைமறைவிலேயே நடந்துவிடும். கொடூரம் விவரிக்கப்படாமல், ஊர்வம்பும் கைவேலையும் துப்பாக மாறும். சாவில்லாதவர்களுக்கு இரவைக் கழிக்கப் பின்னல் ஊசி தேவைப்படுவதே எனக்கு மிகவும் பிடித்த வேடிக்கை. வேலூர் வெயிலில் கம்பளியைப் பற்றிப் படிப்பது சற்று வியர்க்க வைக்கும் என்றாலும், குடியாத்தத்தின் தறிச் சத்தத்தில் வளர்ந்த அத்தைக்கு இழை எண்ணும் பொறுமை புதிதல்ல. லூசிக்கும் ரேஃப் என்ற காட்டேரிக்கும் உள்ள நெருக்கம் பாகந்தோறும் வளர்வதால், முதல் பாகத்திலிருந்தே தொடங்குங்கள்.